வடிகட்டு என்ற ஒரு சொல்

பொங்கலுக்குப் பாரிஸிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு குப்பியை என் கையில் கொடுத்து, "மாமா, இது ஜப்பான் சாகே. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி தெளிவா இருக்காது" என்றார். குப்பியின் அடியில் மூன்று விரல் உயரத்துக்கு வெள்ளை வண்டல் தங்கியிருந்தது. அதற்குமேல் வெளிறிய நீர். அவர் குப்பியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினார். வண்டல் புகைபோல எழும்பி, எல்லாம் பால் நிறமாகிவிட்டது. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "என்னங்க இது, அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கு. கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

கெட்டுப்போகவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டுமாம். அதன் பெயர் நிகோரி. ஜப்பானிய மொழியில் நிகோரு என்றால் கலங்குதல். கலங்கல் சாகே என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் குடிகாரன் இல்லை. என் பதிவுகளைப் படித்து வரும் நண்பர்களுக்கு அது தெரியும். பண்டிகை நாளில் சிறு கோப்பை ஒயின், அதுவும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழக்க தோஷம். ஆனால் ஒரு பொருளைப் பற்றி ஒரு கேள்வி விழுந்துவிட்டால் அதன் கோப்பை முதல் தாளிலிருந்து புரட்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. முப்பத்தைந்து வருஷ எழுத்தர் வேலையின் மிச்சம் அது. இரண்டு மாதம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கிடைத்ததைப் படித்தேன். சுவையைப் பற்றித் தேடப் போனவன், ஒரு வரிச் சட்டத்தில் போய் நின்றேன்.

முதலில் இது எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் கள் மரத்திலிருந்து இறங்கும்போதே இனிப்பு. காற்றிலுள்ள நொதி அதில் விழுந்தால் போதும், தானே புளித்துப் பொங்கும். திராட்சையும் அப்படித்தான். அரிசியில் இருப்பது சர்க்கரை இல்லை, மாவு. மாவைச் சர்க்கரையாக்க யாராவது வேண்டும். பார்லியை முளைகட்டிச் சர்க்கரையாக்கிப் பிறகு நொதிக்க விடுவது பீர்க்காரர்களின் வழி. ஜப்பானியர்கள் வேகவைத்த அரிசியின்மேல் கோஜி என்னும் ஒரு பூசணத்தை வளர்க்கிறார்கள். அந்தப் பூசணம் மாவைச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்க, அதே தொட்டியில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைச் சாராயமாக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் நடப்பதால், காய்ச்சி வடிக்காமலே 20 விழுக்காடு வரை ஏறிவிடுகிறது. பீரில் 5 வருவதே சாதாரணம்.

மூன்று நான்கு வாரத்தில் தொட்டியில் இருப்பது குழைந்த கஞ்சி. அதற்கு மொரோமி என்று பெயர். அதைத் துணிப்பையில் கட்டிப் பிழிந்தால் தெளிந்த சாகே. பிழியாமல் அப்படியே குடித்தால் தொபுரோகு. பெரிய கண்ணுள்ள சல்லடையில் பேருக்கு ஊற்றி எடுத்தால் நிகோரி. பார்வைக்குத் தொபுரோகுவும் நிகோரியும் அண்ணன் தம்பி. சட்டத்தின் பார்வையில் ஒருவன் குடிமகன், மற்றவன் பல காலம் தலைமறைவுக் குற்றவாளி. அந்தக் கதைதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது.

பழங்காலத்தில் பெரும்பாலோர் குடித்தது கலங்கல்தான். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷு என்ற பெருந்தொகை நூலில், ஒதோமோ நோ தபிதோ என்பவர் மதுவைப் புகழ்ந்து பாடிய பதின்மூன்று பாட்டுகள் இருக்கின்றன. அவர் தெற்கே கியூஷு தீவில் அரசாங்கத்தின் தலைமை அதிகாரி. அத்தனை பெரிய பதவியில் இருந்தவர் தம் கோப்பையில் இருப்பது கலங்கிய சாகே என்று கூச்சமில்லாமல் சொல்கிறார். அதே வட்டாரத்தில் அவருக்குக் கீழே ஆளுநராக இருந்த யமனோவே நோ ஒகுரா, ஏழைகளைப் பற்றிய ஒரு பாட்டில், சாகே பிழிந்த சக்கையை வெந்நீரில் கரைத்துக் குளிருக்குக் குடிப்பவனைக் காட்டுகிறார். ஆகப் பிழிகிற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. பிழிந்தது ஒருவனுக்கு, சக்கை இன்னொருவனுக்கு.

தெளிவு என்பது நாளாக நாளாக ஒரு அந்தஸ்து ஆயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் நாரா நகரத்தைச் சுற்றியிருந்த பெளத்த மடங்கள் சாகே தயாரிப்பில் பேர்போனவை. துறவிகளுக்கு இது என்ன வேலை என்று கேட்காதீர்கள். பிரான்சிலும் மடத்துத் துறவிகள்தாம் நல்ல திராட்சைத் தோட்டங்களை வைத்திருந்தார்கள். நாராவின் ஷோரியாகுஜி மடத்தில், பூசணம் வளர்க்கும் அரிசி, தொட்டியில் சேர்க்கும் அரிசி இரண்டையும் தீட்டி வெள்ளையாக்கிச் செய்யும் முறை வளர்ந்தது. இன்று அங்கே, தெளிந்த சாகே பிறந்த இடம் என்று கல் நட்டிருக்கிறார்கள்.

தெளிந்த சாகேக்கு மக்கள் சொல்லும் கதை வேறு. கோனொய்கே என்ற குடும்பத்தின் சாகேக்கூடத்தில் வேலையாள் ஒருவனுக்கு முதலாளிமேல் கோபம். ஓடிப்போகிற அன்று இரவு, கெடுத்துவிட்டுப் போகலாம் என்று அடுப்புச் சாம்பலை அள்ளித் தொட்டியில் கொட்டினான். காலையில் பார்த்தால் வண்டலெல்லாம் அடியில் படிந்து, மேலே பளிங்குபோலத் தெளிந்திருந்தது. அந்தக் குடும்பம் பிற்பாடு ஒசாகாவின் பெரிய லேவாதேவிக் குடும்பமானது வரலாறு. சாம்பல் கதை கதைதான். ஆனால் சாம்பல் புளிப்பை முறிக்கும் என்பது உண்மை, ஜப்பானில் சில வட்டாரங்களில் இன்றும் அந்த முறை உண்டு.

நாரா மடங்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ஒரு அடி விழுந்தது. எங்கள் வகுப்பில் பாஸ்டர் படம் மாட்டியிருக்கும். ஒயின் கெடாமலிருக்க அதை மிதமாகச் சூடாக்கலாம் என்று 1860களில் அவர் கண்டுபிடித்ததை முசியே கரும்பலகையில் எழுதிப்போட, நாங்கள் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தோம். நாரா மடத்தார் எழுதிவைத்த தாமோனின் நாட்குறிப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில், சாகேயைக் கெடாமல் வைக்க மிதமாகச் சூடாக்கிய செய்தி பதினாறாம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கிறது. கிருமி என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் செய்யத் தெரிந்திருக்கிறது. பாஸ்டர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. நோட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

எதோ காலத்தில் மேற்கே இதாமி, நாதா ஊர்களிலிருந்து மரப்பீப்பாய்களில் தெளிந்த சாகே கப்பலேறித் தலைநகரமான எதோவுக்குப் போகும். அந்த எதோதான் இன்றைய தோக்கியோ. காசுள்ள நகரத்தான் குடித்தது அதை. கிராமத்துக் குடியானவன் தன் அரிசியில், சமயத்தில் உடைந்த குருணையில், வீட்டிலேயே தொபுரோகு போட்டுக்கொண்டான். நடவுக்கும் அறுவடைக்கும் திருவிழாவுக்கும் அதுதான். வீட்டில் ஊறுகாய் போடுவதைப்போல் அதுவும் ஒரு வீட்டு வேலை.

இந்த வீட்டு வேலை குற்றமானது மெய்ஜி அரசாங்கத்தில். புதிய அரசு, புதிய ராணுவம், புதிய கப்பல்கள், எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். நிலவரிக்கு மேல் வரி போட்டால் குடியானவர்கள் கலகம் செய்கிறார்கள். மதுவுக்கு வரி போட்டால் யாரும் கொடி பிடிக்க மாட்டார்கள். எந்த நாட்டு நிதித்துறைக்கும் இது தெரிந்த பாடம். சாகே வரி படிப்படியாக ஏறிற்று. ஆனால் வீட்டில் காய்ச்சுகிறவன் கடையில் வாங்க மாட்டானே! எனவே 1880-இல், சொந்த உபயோகத்துக்கு ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு கோகு, அதாவது 180 லிட்டர்தான் என்று வரம்பு வைத்தார்கள். 1882-இல் அதற்கும் கட்டணம் கட்டி உரிமம் எடு என்றார்கள். சீனாவோடு போர் 1895-இல் முடிந்தது, ரஷ்யாவோடு அடுத்த போருக்கு ஆயத்தம் நடந்தது. 1899 ஜனவரி முதல் வீட்டில் தயாரிப்பதே கூடாது என்று ஒரேயடியாகத் தடை. அதே காலகட்டத்தில் மது வரி நிலவரியை முந்தி, நாட்டின் வரி வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொண்டுவந்தது. ரஷ்யக் கடற்படையை வென்ற கப்பல்களில் சாகே குடித்தவர்களின் பங்கு கொஞ்சம் இல்லை.

உத்தரவு போட்டது தோக்கியோ. அமல்படுத்த வேண்டியவன் பனி பெய்யும் வடக்கு மாவட்டங்களில் இருந்த சின்ன வரி அலுவலகத்து ஊழியன். எனக்கு அவன்மேல்தான் அனுதாபம். குடியானவன் தான் விளைவித்த அரிசியைத் தன் வீட்டுப் பானையில் போட்டு வைத்திருக்கிறான். அதைத் தேடிக் கண்டுபிடித்து அபராதம் போடு என்றால் ஊர் அவனை என்ன பாடு படுத்தியிருக்கும்! வரிக்காரன் வருகிறான் என்றால் சேதி அவனுக்கு முன்னே ஓடும். பானைகள் வைக்கோல் போருக்குள்ளும் காட்டுக்குள்ளும் போய்விடும். தொபுரோகு என்று வாய்விட்டுச் சொல்லாமல் 'வெள்ளைக் குதிரை' என்ற பெயரும் புழங்கிற்று.

வடக்கே இவாதே மாவட்டத்தில் வாழ்ந்த மியாசாவா கென்ஜி, வேளாண் பள்ளியில் ஆசிரியராக இருந்த எழுத்தாளர், இதை வைத்து ஒரு கதையே எழுதினார். வரி அலுவலகத் தலைவர் ஒருவர் திருட்டுச் சாகே பிடிக்க மாறுவேஷத்தில் ஒரு கிராமத்துக்குப் போகிறார். போய்ப் பார்த்தால் ஊர்ப் பெரிய மனிதர்களே கூட்டாளிகள். அவரைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். அந்தக் கதையில் அதிகாரியையும் கிராமத்தானையும் இரண்டு பேரையுமே கேலி செய்கிறார் கென்ஜி. இரண்டு தரப்பையும் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்குத்தான் அது வரும்.

இனி அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். 1953-இல் வந்த மது வரிச் சட்டம், தெளிந்த சாகே என்பதற்குப் பொருள் விளக்கம் தருகிறது. அரிசி, கோஜி, தண்ணீர் இவற்றை நொதிக்க வைத்து, வடிகட்டியது. அவ்வளவுதான். வடிகட்டாதது வேறு வகை, அதற்கு வேறு உரிமம். பெரிய சாகேக் கம்பெனிகளிடம்கூடக் கடையில் கலங்கல் விற்கும் வழக்கம் இல்லாமல் போயிற்று. கலங்கியது என்றாலே திருட்டுச் சரக்கு என்ற எண்ணம்.

கியோத்தோவின் புஷிமி பகுதியில் 1675-இலிருந்து சாகே செய்துவரும் மசுதா குடும்பம் 1964-இல், தோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம், இந்தப் பொருள் விளக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. நொதித்தல் இயலில் பெரும் புலமை பெற்ற சகாகுச்சி கினிச்சிரோவின் தூண்டுதலும் அதில் உண்டு. வடிகட்ட வேண்டும் என்கிறது சட்டம். சல்லடைக் கண் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லையே! பெரிய கண்ணுள்ள வடிகட்டியைக் கஞ்சிக்குள் இறக்கி, அதனுள் ஊறி வந்ததை மொண்டால் அதுவும் வடிகட்டியதுதானே? வரித் துறை ஒப்புக்கொண்டது. அப்படிப் பிறந்ததுதான் இன்றைய நிகோரி. சுகினோகட்சுரா என்ற பெயரில் அது இப்போதும் விற்கிறது.

இதைப் படித்தபோது நான் தனியாகச் சிரித்தேன். விதியில் சொல்லாமல் விட்ட அளவு ஒன்று இருந்தால் அதன் வழியாக ஒரு தேரே போகலாம் என்று எங்கள் தலைமை எழுத்தர் சொல்வார். தேர் போகிறதோ இல்லையோ, வெந்த பருக்கை போகும் அளவுக்குச் சல்லடையில் வழி இருந்திருக்கிறது.

கம்பெனிக்காரனுக்குச் சல்லடை வழி கிடைத்தது. வீட்டில் செய்கிறவனுக்கு? அதைக் கேட்டவர் மயெதா தொஷிஹிகோ. 1909-இல் பிறந்தவர், கியூஷுவில் ஒரு கிராமத்தின் தலைவராக இருந்தவர், பிற்காலத்தில் நாரித்தா விமான நிலையத்துக்காக நிலம் பறிபோன விவசாயிகளோடு போய்த் தங்கிப் போராடியவர். 1981-இல் தொபுரோகு செய்வோம் என்ற பொருளில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். எழுதியதோடு நிற்கவில்லை. தானே செய்து, சுவைத்துப் பார்க்க வாருங்கள் என்று வரித் துறையின் தலைவருக்கே அழைப்பு அனுப்பினார். ஒளித்து வைத்துச் செய்தால் திருட்டு, அழைத்துக் காட்டிவிட்டுச் செய்தால் வழக்கு. அவருக்கு வேண்டியது வழக்குதான். 1984-இல் குற்றம் சாட்டினார்கள்.

அவர் வாதம் நேரானது. என் சொந்தக் குடிக்கு, விற்காமல், நான் என்ன செய்துகொள்கிறேன் என்பது என் சுதந்திரம். அரசியலமைப்பின் 13ஆவது பிரிவு தனிமனிதனின் மகிழ்ச்சிக்கான உரிமையைக் காக்கிறது. வரிக்காக அதைப் பறிக்க முடியாது. வழக்கு மேலே மேலே போய் 1989 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வரி வசூலைக் காப்பாற்ற இப்படிக் கட்டுப்படுத்துவது சட்டமன்றத்தின் அதிகார எல்லைக்குள்தான் இருக்கிறது, அது அப்பட்டமாக நியாயமற்றது என்று சொல்ல முடியாது என்றார்கள். மூன்று லட்சம் யென் அபராதம் உறுதியாயிற்று. அவர் 1993-இல் காலமானார்.

நான் எப்போதும் அரசாங்கத்தின் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவன். வரி இல்லாமல் சம்பளம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றிருந்த காலத்தில் போட்ட தடை அது. இன்று மது வரி ஜப்பானின் வரி வருமானத்தில் இரண்டு விழுக்காட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. காரணம் போன பிறகும் உத்தரவு மட்டும் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட உத்தரவுகளை நானே எத்தனையோ தடவை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன், இது ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இன்றைக்கும் அங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் சாகே செய்தால் பத்து வருஷம் வரை சிறை, அல்லது பத்து லட்சம் யென் வரை அபராதம்.

வேடிக்கை என்னவென்றால், கடையில் வாங்கிய கடுஞ்சாராயத்தில் வீட்டில் பிளம் காயை ஊறவைக்க 1962 முதல் அனுமதி உண்டு. அந்தச் சாராயத்துக்கு ஏற்கெனவே வரி வசூலாகிவிட்டது, அதனால்.

அரசாங்கம் இறங்கி வந்தது 2002-இல், சில வட்டாரங்களுக்கு மட்டும் விதிகளைத் தளர்த்தும் சிறப்பு மண்டலச் சட்டம் வந்தபோது. சாதாரணமாகத் தொபுரோகு உரிமம் வேண்டுமென்றால் வருஷத்துக்கு 6,000 லிட்டராவது செய்ய வேண்டும், தெளிந்த சாகேக்கு 60,000 லிட்டர். எந்தக் குடியானவனால் முடியும்? மண்டலத்துக்குள், தன் வயல் அரிசியில் செய்து தன் விடுதியிலோ உணவகத்திலோ பரிமாறும் விவசாயிக்கு அந்தக் குறைந்தபட்ச அளவை நீக்கினார்கள். 2003-இல் அந்த வாய்ப்பைப் பெற்ற முதல் ஊர்களில் ஒன்று தோனோ. கென்ஜியின் அதே இவாதே மாவட்டம். மாறுவேஷத்தில் அதிகாரி தேடிப்போன பானையை இப்போது சுற்றுலாப் பயணிக்கு வாசலில் வைத்துக் காட்டுகிறார்கள். உரிமம், வரி, கணக்குப் புத்தகம் எல்லாம் உண்டு. உரிமம் இல்லாமல் தனக்கு மட்டும் செய்துகொள்ள இன்றும் முடியாது, மயெதா கேட்டது இன்னும் கிடைக்கவில்லை.

தடைக் காலத்திலும் சில கோவில்கள் தனி உரிமத்தோடு தொபுரோகு போட்டு வந்தன. ஓலைக்கூரை வீடுகளுக்குப் பேர்போன ஷிரகாவா-கோ கிராமத்தில் அக்டோபர் மாதத் திருவிழாவில் சாமிக்குப் படைத்துவிட்டு எல்லோருக்கும் ஊற்றுவார்கள். கோவில் எல்லைக்குள்ளேயே குடித்துவிட்டுப் போக வேண்டும், வெளியே எடுத்துப்போகக் கூடாது. சாமிக்கும் வரித் துறைக்கும் இடையே நல்ல ஒப்பந்தம்.

சரி, குடிக்கிற விஷயம். குளிர்பெட்டியில் வைத்துச் சில்லென்று குடிக்க வேண்டும். முதலில் குலுக்காமல் மேலே நிற்கும் தெளிவில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள், பிறகு மெல்லக் கவிழ்த்து வண்டலைக் கலந்து பாருங்கள். ஒரே குப்பியில் இரண்டு குடி. முதலாவது மெலிந்த, சற்றுக் காரமான சுவை. இரண்டாவது பழையதின் நீராகாரத்தில் யாரோ வாழைப்பழமும் கற்கண்டும் சேர்த்ததைப்போல் இருக்கும், நாக்கில் மாவு தட்டும். சூடுபடுத்தாத பச்சைக் குப்பி கிடைத்தால் எச்சரிக்கை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும், உள்ளே காற்று ஏறிக்கொண்டிருக்கும். அதைக் குலுக்கவே கூடாது. மூடியைக் கொஞ்சம் திருகி, நுரை ஏறியதும் மூடி, மறுபடி திருகி, இப்படிப் பல தடவை செய்து மெல்லத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி சாகே கூரைக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் வஞ்சிரம் வறுவலோடு குடித்தோம். இனிப்பு காரத்தை அணைத்துவிடுகிறது. மாப்பிள்ளை இரண்டு கோப்பை, நான் ஒன்று, மகள் அரை. மனைவி விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றாள்.

மறுநாள் குப்பியின் அடியில் கெட்டி வண்டல் ஒரு டம்ளர் அளவுக்கு மிச்சம். அதை வீணாக்குவானேன் என்று, கள் சேர்ப்பதுபோல ராத்திரி ஆப்ப மாவில் ஊற்றி வைத்தாள். காலையில் மாவு வைத்த அளவிலேயே இருந்தது, ஒரு குமிழிகூட இல்லை. ஆப்பம் தோசையாக வந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குப்பியின் பின்பக்கத்துச் சீட்டைப் படித்தேன். கடைசி வரியில் சின்ன எழுத்தில், பிரெஞ்சில், 'பாஸ்தரிஸே' என்று போட்டிருந்தது.